பால் கேன் விசயம்

பைய இன்னும் கொஞ்சம் அக்கட்டால தள்ளி வெச்சுக்கட்டுங்களா? உங்க கால்ல படுது. பெரிய சாமான் ஒண்ணுமில்லீங்க, ஒரு பாட்டல் தண்ணி, ஒரு மூக்குக் கண்ணாடி, அவ்வளவுதான். என்னடா இந்த ஆளு பஸ்சு சித்தோடு தாண்டுனதுல இருந்து குனிஞ்சு குனிஞ்சு பையோட அடியத் தொட்டுப் பாக்கறானேன்னு நெனச்சுக்காதீங்க. பத்துப் பன்னெண்டு நாளா இப்படிப் பழகிப்போச்சு. எதக் கண்டாலும் கை அடியில போகுது. ஈரமா இருக்குதா, காஞ்சிருக்குதான்னு. நேத்து டீக்கடையில டம்ளரோட அடியத் தொட்டுப் பாத்தனுங்க. கடைக்காரர் ஒரு மாதிரிப் பாத்தாரு.

நீங்க எது வரைக்குமுங்க? சத்தியமங்கலமா. மாட்டுக்கு மருந்து வாங்கீட்டுப் போறீங்களா. செரி, செரி. நான் அரசூருங்க. என்ற சம்சாரத்தக் கூட்டீட்டு வரப் போறேன். தம்பி ஊட்டுல இருக்கறா. சண்டையெல்லாம் இல்லீங்க. சண்டைன்னா ரெண்டு பேரும் பேசணுமில்ல. இது ஒரு வாட்டர் ஃபில்டர் சமாச்சாரம்.

சிரிக்கறீங்க. சிரிங்க. பவானித் தண்ணி வாய்க்கால்ல ஓடற ஊருக்கு ஈரோட்டுல இருந்து ஒரு பாட்டல் தண்ணி கொண்டுட்டுப் போறவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அவகிட்டக் காட்டத்தானுங்க. ஒரு சொட்டு ஒழுகாம வந்த தண்ணி. இன்னிக்கு வெடியால புடிச்சது.

எம்பேரு சென்னியப்பன். ஈரோட்டுல சூரம்பட்டி. ஸ்பின்னிங் மில்லுல முப்பத்திரண்டு வருசம் ஃபிட்டரா இருந்தேன். ரிட்டேர்டாகி மூணு வருசமாச்சு. என்ற ஊட்டுப் படிய ஒரு மெக்கானிக் மிதிச்சதில்லீங்க. கொழாயா, ஃபேனா, மிக்சியா, எதா இருந்தாலும் நாந்தான். பெருமைக்குச் சொல்லல. மில்லுல அம்பது மெசின் ஒண்ணா ஓடறப்ப, எந்த மெசின்ல எந்த பேரிங் போகப் போகுதுன்னு சத்தத்த வெச்சே சொல்லீருவேன். கிட்டப் போகவே வேண்டாம். மேனேஜர் வந்து, சென்னியப்பா, உங்காது என்ன காதய்யான்னு கேப்பாரு. அந்தச் சத்தத்துல மத்தவங்களுக்கு ஒண்ணுமே கேக்காதுங்க.

அப்படிப்பட்ட ஆளு, ஒரு கொழந்த கையில புடிக்கற குடுவைக்கு முன்னால பத்து நாள் குத்த வெச்சு உக்காந்திருந்தேன்.

மொதல்ல அவளப் பத்திச் சொல்லீரணும். பேரு வசந்தாமணி. எனக்கு ரெண்டாந்தாரமுங்க. மொத சம்சாரம் சுலோச்சனா போயி அஞ்சு வருசமாச்சு. எனக்கு ஒரே பொண்ணு, கோகிலா, ஓசூர்ல இருக்கறா. அவதான் புடிச்ச புடியா நின்னா. அப்பா, தனியாக் கெடந்து சோறாக்கித் தின்னது போதும், பேச்சுத் துணைக்காச்சும் ஒரு ஆளு வேணும்னா. இந்த வயசுல ஊரு சிரிக்கும் கண்ணுன்னேன். சிரிக்கறவன் வந்து உங்களுக்குக் கஞ்சி காச்சித் தருவானான்னு கேட்டுப்போட்டா.

வசந்தாமணியும் தனி ஆளு. புருசன் போயி பதினஞ்சு வருசம். கொழந்த குட்டி இல்ல. அரசூர் பக்கம் பால் சொசைட்டியில இருவது வருசம் வேல பாத்தவ. போன ஆவணியில ரெஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டு, திண்டல் மலைக் கோயில்ல மாலை மாத்தீட்டு வந்தோம். எட்டு மாசம் ஆகப்போகுது.

நல்லவதானுங்க. நானும் ஒரு கொற வெச்சதில்ல. சேலையா, மாத்திரையா, கேக்கறதுக்கு முன்னால வந்துரும். அவளும் அப்படித்தான். எனக்கு சக்கரை இருக்குதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே, நானும் இனிமே காப்பிக்கு சக்கரை போட்டுக்கறதில்லீங்கன்னு சொன்னா. அவளுக்கு ஒரு நோவும் இல்ல. சும்மா, எனக்காக. இன்னிக்கு வரைக்கும் போட்டதில்ல. ஒரு சொல்லு சொன்னான்னா அதுல நிப்பா.

என்ன ஒண்ணு, பேச்சுத்தான் கொஞ்சம் ஜாஸ்தி. எத எடுத்தாலும் எங்க சொசைட்டியிலன்னு ஆரம்பிப்பா. ரசத்துல புளிப்பு தூக்கலா இருக்குதுன்னு சொன்னாப் போதும், எங்க சொசைட்டியில ஒருக்கா என்னாச்சுன்னான்னு ஒரு கதை. மழை வந்தா ஒரு கதை. நான் பேப்பரப் படிச்சுட்டே ம், ம்னு சொல்லுவேன். ஒரு நாளும் வாய மூடுன்னு சொன்னதில்லீங்க. அந்த மரியாதையெல்லாம் நான் வெச்சிருக்கேன்.

சுலோச்சனா பேசவே மாட்டா. அது வேற.

இப்ப ஃபில்டருக்கு வர்றேன். எங்க ஏரியாவுல போர் தண்ணி, ஒரே உப்பு. சுத்தம் பண்ற மெசினுக்கு முன்னால, மண்ணு அழுக்கப் புடிக்கறதுக்குன்னு ஒரு குடுவை தொங்கும் பாருங்க, வெள்ளையா, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல நீளம். மேல கறுப்பு மூடி, அத சுவத்துல அடிச்சிருக்கும். குடுவைய அதுல மரை புடிச்சுத் திருகணும். உள்ள பஞ்சு மாதிரி ஒரு கேண்டில் இருக்கும். மூடிக்கும் குடுவைக்கும் நடுவுல ஒரு ரப்பர் ரிங். அவ்வளவுதான் சாமான். சுலோச்சனா காலத்துல நானே மாட்டுனது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா கேண்டிலக் கழட்டிப் புதுசு போடுவேன்.

இந்தத் தடவ கேண்டிலோட ரிங்கையும் மாத்தீரலாம்னு, பைப் கடையில ரெண்டும் வாங்கீட்டு வந்தேன். ரிங்கு பழசாகிப் போச்சு, எதுக்கு வம்புன்னு. ஞாயித்துக்கிழமை மத்தியானம். வசந்தா கீழ பக்கெட்டப் புடிச்சுட்டு நின்னா. குடுவையக் கழட்டுனேன், கழுவுனேன், கேண்டிலப் போட்டேன். குடுவை வாயில பழைய ரிங்கக் காணோம். சரி, கழுவறப்ப தொட்டியில விழுந்து போயிருக்கும், அது கெடக்குதுன்னு புதுசப் போட்டுத் திருகப் போனேன். அப்ப இவ ஆரம்பிக்கறா. ஏனுங்க, எங்க சொசைட்டியில பால் கேன் இருக்குதுங்கல்ல, அந்தக் கேன் மூடியிலங்கறா.

அட, பக்கெட்ட ஒழுங்காப் புடி, பால் கேன அப்புறம் பாக்கலாம்னேன். தன்மையாத்தான் சொன்னேன். வேல செய்யறப்ப பேசுனா எனக்கு ஆகாதுங்க. மில்லுப் பழக்கம்.

திருகி, கொழாயத் தொறந்தேன். ஒழுகுது.

பெருசா இல்ல. ஒரு சொட்டு நிக்கும், நிக்கும், விழும். அப்புறம் இன்னொண்ணு. இன்னும் ஒரு சுத்துத் திருகுனா நின்னுரும்னு நெனச்சேன். அதுக்குன்னு ஒரு ப்ளாஸ்டிக் சாவி குடுப்பாங்க, அதப் போட்டு ஒரு சுத்து. சொட்டு வேகமா விழுகுது. இன்னும் ஒரு சுத்து. இப்ப சுத்தி வரக் கசியுது. கழட்டித் தொடச்சு மறுபடி போட்டேன். அதே தான்.

மறுநாள் மரையில வெள்ளை டேப்பு சுத்துனேன். பத்து சுத்து. ஒழுகுச்சு. கழட்டி இருவது சுத்துனேன். ஒழுகுச்சு. அதுக்கு அடுத்த நாள் கிரீஸ் தடவுனேன். குடிக்கற தண்ணியிலங்களான்னு வசந்தா கேட்டா. செரி, அது ஞாயந்தான், தொடச்சுப்போட்டேன். அப்புறம் ரிங்கு சரியில்லன்னு கடைக்குப் போயி வேற ரிங்கு. அது கொஞ்சம் தடிமன். அதுக்கு ஊத்தோ ஊத்துன்னு ஊத்துது. பைப் கடைக்காரர், அண்ணா, நான் வேணும்னா ஒரு எட்டு வந்து பாக்கட்டுங்களான்னு கேட்டாரு. எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி ஆயிருச்சு. நீங்க கடையப் பாருங்கன்னுட்டு வந்துட்டேன்.

இதுதானுங்க எனக்கு ஆகல. தண்ணி போறது பெருசில்ல. முப்பத்திரண்டு வருசம். எத்தன டன்னு மெசினக் கழட்டி மாட்டியிருப்பேன். ஒரு ப்ளாஸ்டிக் குடுவை என்னப் பாத்து ஒழுகுது. சோறு எறங்கல. கோயிலுக்குப் போனா அங்கயும் அந்த மரைதான் கண்ணுல நிக்குது. அபிசேகத்துல தண்ணி சொட்டறதப் பாத்தா, எந்திரிச்சு ஊட்டுக்கு ஓடலாம்னு இருக்கும். சும்மா உக்காரவே முடியல. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா போயி குடுவையோட அடியத் தொட்டுப் பாப்பேன்.

கீழ எப்பவும் ஒரு பக்கெட். அது நெறைய நெறைய வசந்தா கொண்டுபோயி செடிக்கு ஊத்துவா. ஊத்தீட்டு வந்து வெப்பா. ஒரு நாளைக்கு எத்தன தடவ போயிருப்பான்னு நான் எண்ணல. அவளும் சொல்லல. ஒரு நாள் பொழுதோட, நான் தரையில உக்காந்து டேப்பு உரிச்சுட்டு இருந்தேன். ஒரு டம்ளர் காப்பியக் கொண்டாந்து வெச்சுட்டு பக்கத்துல உக்காந்தா. ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா, அந்தப் பால் கேன் மூடி இருக்குதுல்லங்க, நாங்க ரப்பர் மாத்தறப்பங்கறா.

எனக்கு சுர்ருன்னு ஏறிப்போச்சு. அம்மிணி, பால் கேனும் ஃபில்டரும் ஒண்ணான்னு கேட்டேன். இது ப்ரெசருல ஓடறது. இதுக்கு மரையிருக்குது, த்ரெட்டுன்னு சொல்லுவாங்க. பால் கேன் கவுத்துனா ஊத்தற சாமான். உனக்குப் புரியாது, விடுன்னேன். அவ காப்பி டம்ளர எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா. நான் குடிக்கவே இல்ல அந்தக் காப்பிய. அப்புறந்தான் அது நெனப்பு வந்துச்சு.

கோவமா இருந்தாளான்னு கேக்கறீங்களா? தெரியலீங்க. முதுகுதானே தெரிஞ்சுது.

கவுந்தப்பாடி வந்துருச்சுங்களா? இங்க கொஞ்சம் நிக்கும். தாகமா இருக்குதுங்களா? இதத் தர முடியாது, கோவிச்சுக்காதீங்க, அவகிட்டக் காட்டணும். அங்க கடையில கெடைக்கும்.

செரி. எட்டாம் நாளு. அன்னிக்கு சீல் பண்ற பசை வாங்கி சுத்தி வரப் பூசியிருந்தேன். காய வெச்சுட்டு ஹால்ல உக்காந்திருக்கேன். ஃபேனுக்கடியில உக்காந்தும் வேத்து ஊத்துது. சமையக்கட்டுல டமார்னு ஒரு சத்தம். ஓடிப்போயி பாத்தா பக்கெட் கவுந்து கெடக்குது. தரையெல்லாம் தண்ணி. வசந்தா கீழ கெடக்கறா. வழுக்கீருச்சு. தண்ணி நேரா மெசினோட ப்ளக்குப் பக்கம் போகுது. நான் மொதல்ல தாண்டிப்போயி ப்ளக்கப் புடுங்குனேன். கரண்டுங்க. தப்புங்களா? ரெண்டு பேரும் போயிருப்போம். அப்புறம் பசை விட்டுருச்சான்னு குடுவையப் பாத்தேன். விட்டுருச்சு. ஒரு பக்கமா பொளந்துட்டு ஊத்துது.

அவ கையூனி எந்திரிக்கப் பாக்கறா, முழங்கைய ஒரு கையில புடிச்சுட்டு. அப்பவும் சொல்றா. அந்த மூடிய ஒருக்கா இறக்கி உள்ளுக்குள்ளன்னு. எனக்கு என்ன வந்துச்சோ. வாய மூடு, இந்தக் குடுவைய இடிச்சதே நீதான், மொத நாளே பக்கெட்ட எடுக்கறேன்னு எடுத்து இடிச்சிருப்ப, அதான் மரை கோணிப்போச்சு, சுலோச்சனா இருந்த வரைக்கும் இந்தச் சமையக்கட்டுல ஒரு சொட்டு சிந்துனதில்லன்னு சொல்லீட்டேன்.

சொல்லீட்டேன். சொன்னது நெசந்தான். அவ இருந்தப்ப ஒழுகுல.

வசந்தா அழுகுல. சுவத்தப் புடிச்சு எந்திரிச்சா. தொடைக்கற துணிய எடுத்து, தரைய மூல முடுக்கு விடாமத் தொடச்சா, ஒரு கையாலயே. நான் நின்னு பாத்துட்டிருந்தேன். மறுநாள் வெடியால தெருக் கொழாயில இருந்து குடம் குடமாத் தண்ணி புடிச்சு, ஊட்டுல இருக்கற அத்தன ஏனத்துலயும் ரொப்பி மூடி வெச்சா. எனக்கு நாலு நாளைக்குக் குடிக்கக் காணும். இட்லி மாவு ஆட்டி வெச்சா. என்ற மாத்திரைய டப்பாவுல நாள் பிரிச்சுப் போட்டா. அப்புறம் ஒரு பைய எடுத்துட்டு வாசல்ல வந்து நின்னா. தம்பி ஊட்டுக்குப் போயிட்டு வரட்டுங்களான்னு கேட்டா. போயிட்டு வான்னேன். எத்தன நாளுன்னு நான் கேக்கல. செருப்புப் போட்டுட்டுத் திரும்பி, இனிமே நான் ஒண்ணும் சொல்லலீங்கன்னா.

எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னு சொல்லட்டுங்களா? அப்பாடான்னு இருந்துச்சு. இனி நிம்மதியா வேல பாக்கலாம், எடையில ஒரு கதையும் வராதுன்னு.

ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. மூணாம் நாள்ல இருந்து ஊடு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. பேப்பரப் படிக்கறப்ப என்னையறியாம ம், ம்னு சொல்றேன். ஊட்டுல ஒருத்தரும் இல்ல. பக்கெட்ட நானே தூக்கிட்டுப் போயி செடிக்கு ஊத்துனேன். அது என்ன கனங்க. பின்வாசப்படி ஒசரம் வேற. ஒரு நாளைக்குப் பதினாலு தடவ. நான் எண்ணுனேன்.

கோகிலா தெனமும் ஃபோன் பண்ணுவா. எங்கிட்ட ரெண்டு நிமிசம், சித்திகிட்ட அரை மணி நேரம். அப்பா, சித்திகிட்டக் குடுங்கன்னா. குளிச்சுட்டிருக்கறா கண்ணுன்னேன். மறுநாளும் கேட்டா. கோயிலுக்குப் போயிருக்கறான்னேன். நேத்து மறுபடி கேட்டா. குளிச்சுட்டிருக்கறான்னு சொல்லீட்டேன், மறந்தாப்ல. ஏனுங்கப்பா, சித்தி நாளெல்லாம் குளிச்சுட்டே இருக்கறாங்களான்னா. அப்பா, சித்தி அரசூர்ல இருக்கறது எனக்குத் தெரியும்னா. முழங்கையில கட்டுப் போட்டிருக்கறாங்களாம், தெரியுமான்னு கேட்டா. உங்களுக்கு இன்னொரு தடவ நான் ஆளு தேட மாட்டனுங்கப்பான்னு சொல்லி ஃபோன வெச்சுட்டா.

கட்டுப் போட்டிருக்கறது எனக்குத் தெரியாதுங்க. அவ சொல்லல. நானும் கேக்கல, அது செரி.

நேத்துப் பூராவும் படுத்தாப் படுக்க முடியல, உக்காந்தா உக்கார முடியல. இன்னிக்கு வெடியால எந்திரிச்சதும், இந்த எழவே வேண்டாம், மொத்தத்தையும் புடுங்கித் தூக்கி வீசீரலாம்னு முடிவு பண்ணுனேன். குடுவையக் கழட்டுனேன். இத்தன நாளா அது வரைக்குந்தான் கழட்டுனது. மூடி சுவத்துல இருக்கும், அத ஏன் தொடணும். இன்னிக்கு மூடியையும் ஆணியக் கழட்டி இறக்கி, வெளிய வெயில்ல கொண்டுபோயி வெச்சுத் திருப்பிப் பாத்தேன். கறுப்பு மூடி. உள்ளயும் கறுப்பு. வெரலு விட்டு வழிச்சேன், அழுக்கிருந்தாப் போகட்டும்னு. நகத்துல என்னமோ மாட்டுச்சு.

இந்தாங்க. இதான். பாருங்க. பேப்பர்ல மடிச்சு சட்டைப்பையில வெச்சிருக்கேன்.

பழைய ரிங்கு. தொட்டியில விழுந்து போச்சுன்னு நெனச்சனே, அது. குடுவையக் கழட்டறப்ப அதோட வரல, மேல மூடியோடயே ஒட்டிக்கிச்சு. தட்டையா நசுங்கி, மூடியோட மூடியா, அதுவும் கறுப்பு இதுவும் கறுப்பு, ஆருக்குங்க தெரியும்? நான் அதத் தெரியாம அதுக்குக் கீழ புதுசப் புதுசா வெச்சுத் திருகிட்டிருந்திருக்கேன். ஒண்ணு மேல ஒண்ணு. ஒண்ணோட ஒண்ணு வழுக்கும், எப்படி நிக்கும்? எத்தன இறுக்குனாலும் ஒழுகத்தான் செய்யும். இறுக்க இறுக்க ஜாஸ்தியா ஒழுகும்.

உரிச்சு எடுத்தேன். மூடிய மறுபடி சுவத்துல அடிச்சு, புது ரிங்கு ஒண்ணு மட்டும் போட்டு, சாவி கூட இல்ல, வெறுங்கையில திருகுனேன். தண்ணியத் தொறந்தேன். கீழ பேப்பர் விரிச்சு உக்காந்தேன். அஞ்சு நிமிசம். பத்து நிமிசம். அரை மணி நேரம். பேப்பர் காஞ்ச பேப்பரா இருக்குது. அடியத் தொட்டுப் பாத்தேன். பொட்டு ஈரமில்ல, பொடிக் காய்ச்சலு.

எனக்குச் சந்தோசம் தாங்கல. வசந்தா, இங்க வா, வந்து பாருன்னு கத்துனனுங்க.

ஊட்டுல ஆளு இல்லங்கறதே எனக்கு அப்ப மறந்துபோச்சு. கத்துனதுக்கு அப்புறந்தான் வெளங்குச்சு. அந்தப் பேப்பரு மேலயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் ஒரு பாட்டல் புடிச்சேன், அவ மறந்துட்டுப் போன கண்ணாடிய எடுத்தேன், பஸ் ஏறீட்டேன்.

என்ன சொல்றதுன்னு வர்ற வழியெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன். இது ஆரு தப்புமில்ல வசந்தா, எல்லாம் இந்தப் பழைய ரிங்கு பண்ணுன வேலை. நீ இடிச்சேன்னு நெனச்சேன், அது இல்லன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல. நீயும் விட்டுரு, கெளம்பு போலாம். எப்படிங்க? பெருந்தன்மையா இருக்குதுங்களா? அவ தம்பி முன்னாடியே சொல்லீரலாம்னு இருக்கேன்.

என்னங்க?

பால் கேனா? அட, அது என்னமோ சொன்னாளுங்க. மூணு தடவ ஆரம்பிச்சா, நான்தான் முழுசாக் கேக்கலியே. ஏன் கேக்கறீங்க? ஓ, நீங்களும் சொசைட்டிக்குப் பால் ஊத்தறவருங்களா. ஆமாமா, மாடு வெச்சிருக்கறீங்கல்ல, மறந்துட்டேன்.

சொல்லுங்க.

ம். கேன் மூடிக்குள்ள ரப்பர் வளையம் இருக்கும். செரி. தேஞ்சுபோனா மாத்துவாங்க. ம். மாத்தறப்ப...

இன்னொருக்கா சொல்லுங்க. பஸ் சத்தம்.

பழசு மூடியோடயே ஒட்டிக்கும். அதப் பாக்காமப் புதுசப் போட்டுட்டா ரெண்டும் சேராது, பால் வழியும். அதனால மொதல்ல மூடியத் திருப்பி, வெரல விட்டு வழிச்சுப் பாக்கணும். சொசைட்டியில புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு மொத நாளே இதத்தான் சொல்லிக் குடுப்பாங்களா. மொத நாளேவா?

ஒரு நிமிசம் இருங்க.

அப்ப அவ கேன் மூடியிலன்னு ஆரம்பிச்சது இதானுங்களா? ரப்பர் மாத்தறப்பன்னு சொன்னா. அந்த மூடிய ஒருக்கா இறக்கி உள்ளுக்குள்ளன்னு சொன்னா, கீழ விழுந்து கெடந்துட்டுச் சொன்னா. அதே வார்த்தைங்க. நானே இப்ப உங்ககிட்டச் சொன்னேன், சொல்லீட்டே வந்தேன், எனக்கு ஒறைக்கல. அவளுக்கு மொத நாளே தெரிஞ்சிருக்குது. பக்கெட்டப் புடிச்சுட்டு நிக்கறப்பவே தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சுட்டே எட்டு நாள் தண்ணி தூக்கியிருக்கறாளுங்க, அந்தப் படி ஏறி எறங்கி. வழுக்கி விழுந்து, அப்பவும் சொல்ல வந்திருக்கறா.

நீ இடிச்சேன்னு நான் சொன்னப்ப கூட அவ எதுத்து ஒரு வார்த்த பேசலீங்க.

எனக்கு வெக்கமா இருக்குதுங்க. உங்க முன்னால சொல்றதுக்கென்ன. அம்பது மெசின் சத்தத்துல ஒரு பேரிங் சத்தம் கேக்கற காது. பக்கத்துல உக்காந்து காப்பி வெச்சுட்டுச் சொன்னது கேக்கல. நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலன்னு சொல்ல இருந்தேன் பாருங்க, அவகிட்ட. தம்பி முன்னாடி. நல்லவேளை நீங்க இந்த பஸ்சுல வந்தீங்க.

கோபி தாண்டி இம்புட்டு தூரம் வந்துட்டமா? அந்தா, கண்டக்டர் அரசூருங்கறாரு. இல்லீங்க, இந்த ஸ்டாப்பு தான். எறங்கணும்.

அந்த ரிங்கக் குடுங்க. இல்ல, வேண்டாம், நீங்களே சன்னல்ல வீசீருங்க. அவகிட்ட இதக் காட்டி என்ன ஆகப்போகுது. அவ பாக்காமயே பாத்தவ. இந்தத் தண்ணியும் வேண்டாம், நீங்க வெச்சுக்குங்க, தாகமா இருக்குதுன்னீங்களே. நல்ல தண்ணிதான். கண்ணாடி மட்டும் போதும் எனக்கு.

போனதும் கைய எப்படி இருக்குதுன்னு கேக்கணும். அப்புறம் வசந்தா, அந்தப் பால் கேன் விசயத்த மொதல்ல இருந்து சொல்லு, நான் எடையில பேசல, முழுசாக் கேக்கறேன்னு சொல்லணும். உங்ககிட்டக் கேட்டதா சொல்ல மாட்டேன். அவ வாயாலயே கேக்கணும்.

சொல்லுவாளுங்களா?

இனிமே நான் ஒண்ணும் சொல்லலீங்கன்னு சொல்லீட்டுல்ல போனா. இந்த எட்டு மாசத்துல அவ சொன்னதுல, நான் முழுசாக் கேட்டது அது ஒண்ணுதானுங்க.